ஏக்கத்துக்குப் பட்டா உண்டா?

லாட்டின் 'கம்போங் பாய்' பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் ஆற்றுக் குளியலையும் சுன்னத்துச் சடங்கையும் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்கு அந்தப் புத்தகத்தில் மறக்காமல் நிற்பது ஒரு சொத்துப் பேச்சு. பையன் படிப்பில் அக்கறை இல்லாமல் திரிகிறான். அனுமதியில்லாமல் ஈயம் அலசப் போய் அப்பாவின் கோபத்தைச் சம்பாதித்துக்கொள்கிறான். ஒரு நாள் அப்பாவும் அம்மாவும் கவலையோடு பேசிக்கொள்வது அவன் காதில் விழுகிறது. இவனுக்குப் படிப்பிலும் நாட்டமில்லை, இவன் எதிர்காலத்துக்கென்று வைத்திருக்கும் ரப்பர் நிலத்திலும் நாட்டமில்லை. அதன் பிறகுதான் பையன் ஒழுங்காகப் படிக்க உட்காருகிறான். ஈப்போ விடுதிப் பள்ளியில் இடம் கிடைத்த சேதியோடு ஓடிவந்து பார்த்தால், அப்பா ஈயக் கம்பெனிக்காரர்களோடு பேசிக்கொண்டு நிற்கிறார். மண்ணுக்கடியில் ஈயம் இருந்தால் நிலத்துக்கு நல்ல விலை கிடைக்கும். ஊரில் மற்றவர்களும் அதே கனவில் இருக்கிறார்கள், விற்றுவிட்டு ஈப்போவில் வீடு வாங்கலாம் என்று. கிளம்பும் நாளில் பையனுக்கு மனசு கனக்கிறது. திரும்பி வரும்போது இந்த ஊர் இப்படியே இருக்க வேண்டுமே என்று நினைத்துக்கொள்கிறான். இருக்காது என்று நமக்குத் தெரியும்.

லாட் என்கிற முகமது நோர் காலிட் 1951-ல் கோப்பெங் பக்கத்தில் ஒரு கம்பத்தில் பிறந்தவர். தைப்பிங்கிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். 1974 முதல் நியூ ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் பத்திரிகையில் மலேசிய வாழ்க்கைக் காட்சிகளை வரைந்தார். 1979-ல் 'கம்போங் பாய்', 1981-ல் ஈப்போவைப் பற்றிய 'டவுன் பாய்'. மலேசியாவில் வளர்ந்த யாருக்கும் அந்தச் சப்பை மூக்கும் பரட்டைத் தலையும் சொந்தக்காரப் பையன் மாதிரி. எனக்கும்தான். ஆனால் படிக்கும்போதெல்லாம் அந்த ரப்பர் நிலம் வரும் இடத்தில் ஒரு நிமிஷம் நின்றுவிடுவேன். ஏனென்றால் எங்கள் வீட்டுக்கதையிலும் ரப்பர் மரம் உண்டு. நிலம் கிடையாது.

அதே பேராக், அதே மரம். 1877-ல் கோலகங்சாரில் நட்ட முதல் கன்றுகளில் ஒன்று இன்றும் அங்கே நிற்கிறது. எங்கள் ஊரிலிருந்து அரை மணி நேரம். என் பெரியம்மா 30 வருஷத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர். அவருடைய அம்மாவும் அப்படியே. விடியுமுன் பெரட்டு, அப்புறம் நிரை, மங்கில் பால் நிறைந்ததும் வாளி, ஸ்டோரில் நிறுவை, கிராணியின் கணக்கு நோட்டு. அவர்கள் இருந்த லயத்து வீடு கம்பெனியுடையது. வேலை இருக்கும்வரை வீடு. வேலையில் ஓய்வு வந்தால், வீட்டில் வேறு யாரும் அந்தத் தோட்டத்தில் வேலை செய்யாவிட்டால், வீட்டைக் காலிசெய்து கொடுக்க வேண்டும். தோட்டத்தையே விற்றுவிட்டால் எல்லோரும் மொத்தமாகக் கிளம்ப வேண்டியதுதான். பெரியம்மாவின் தோட்டம் இப்போது ஒரு தாமான். இணைவீடுகள், ஒரு பெட்ரோல் நிலையம், மூலையில் முனியாண்டி கோயில் மட்டும் பழைய இடத்தில்.

கேள்வி இதுதான். தனக்குச் சொந்தமே இல்லாத இடத்துக்காக, தன்னைச் சுரண்டிய இடத்துக்காக, ஒருவர் ஏங்கலாமா? ஏங்குவதைத் தடுக்க முடியாது, அது வேறு. அந்த ஏக்கத்தை வரைந்து, எழுதி, படம்பிடித்து அடுத்தவர் கையில் கொடுக்கலாமா? அப்படிக் கொடுத்தால் அது உண்மையா, பொய்யா?

வெறும் கேள்விக்காகக் கேட்கவில்லை. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வாரத்துக்கு ஒரு முறையாவது தோட்டத்துப் படம் வரும். ஆயாக்கொட்டகையில் வரிசையாகத் தொட்டில்கள். திடலில் வெள்ளைத்துணி கட்டிக் காட்டிய எம்ஜிஆர் படம் பற்றி நாலு வரி. தீமிதி, சம்பள நாள் சந்தை, லயத்து வாசலில் செம்பருத்திச் செடி. கீழே எல்லோரும் கைகூப்புவார்கள், அழுகிற முகம் போடுவார்கள். 'அது ஒரு காலம்.' கோலாலம்பூரில் இருக்கும் தோழி ஒருத்தியிடம் இதையெல்லாம் காட்டினேன். "அடிமைத்தனத்துக்கு ஃபில்டர் போட்டு ரசிக்கிறீங்கப்பா" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் பதில் சட்டென்று வரவில்லை.

பதில் தேடும்போது ஒரு அமெரிக்கரிடம் போய்ச் சேர்ந்தேன். நார்மன் ராக்வெல், பத்திரிகை ஓவியர். 1916-லிருந்து 1963 வரை 'சாட்டர்டே ஈவ்னிங் போஸ்ட்' என்ற வாரப் பத்திரிகைக்கு 300-க்கும் மேற்பட்ட அட்டைப்படங்கள் வரைந்தவர். 'பழைய நல்ல அமெரிக்கா' என்று அந்த ஊர்க்காரர்கள் கண்ணை மூடினால் வருவது பெரும்பாலும் இவர் வரைந்த அமெரிக்காதான். குளிக்கக்கூடாத குளத்தில் மாட்டிக்கொண்டு துணியைச் சுருட்டியபடி ஓடும் பையன்கள். சிறுமியின் பொம்மைக்கு நாடி பார்க்கும் கிழ டாக்டர். வீட்டைவிட்டு ஓடிவந்த பையனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டிருக்கும் போலீஸ்காரர். விவரம் அவ்வளவு துல்லியம்: பூட்ஸின் தேய்மானம், மேசைத்துணியின் மடிப்பு. இத்தனைக்கும் ஆள் நியூயார்க்கில் பிறந்த நகரத்துப் பையன். பிறகுதான் வெர்மான்ட் மாநிலத்துச் சின்ன ஊரில் குடியேறி அக்கம்பக்கத்தாரையே நிற்கவைத்து, புகைப்படம் எடுத்துக்கொண்டு வரைந்தார். விமர்சகர்கள் மதிக்கவில்லை. இவர் ஓவியரே அல்ல, மிட்டாய் விற்கிறவர் என்கிற தொனியிலேயே பேசினார்கள். மக்களோ அட்டையைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டினார்கள். நம்மூரில் பழைய விகடன் தீபாவளி மலரைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் தாத்தாக்களை நினைத்துக்கொள்ளுங்கள், அந்த மாதிரி.

அவருடைய படங்களில் அதிகம் பேருக்குத் தெரிந்தது 1943-ல் வந்தது. அதிபர் ரூஸ்வெல்ட் 1941-ல் பேசிய நான்கு சுதந்திரங்களுக்கு நான்கு படம் வரைந்தார். ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டி, அதை வைத்தே 13 கோடி டாலருக்கு மேல் போர்க்கடன் பத்திரங்கள் விற்றார்கள். அதில் ஒன்று 'இல்லாமையிலிருந்து விடுதலை'. வெள்ளைத்துணி விரித்த நீள மேசை, சுற்றிலும் சிரிக்கும் குடும்பம், தலைமாட்டில் தாத்தா. பாட்டி பெரிய தட்டில் முழு வான்கோழியை வறுத்து எடுத்துவந்து வைக்கிறார்.

அந்தப் பாட்டி ராக்வெல் வீட்டுச் சமையல்காரம்மா. வான்கோழியைச் சமைத்தவரும் அவரேதான். அவர் சமைத்தார், ராக்வெல் படம் எடுத்தார், பிறகு வீட்டார் சாப்பிட்டார்கள். இதில் மறைத்த ரகசியம் ஒன்றுமில்லை, ராக்வெலே சொன்னதுதான். இருந்தாலும் இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தப் படத்தை முன்போல என்னால் பார்க்க முடியவில்லை. உழைத்துச் சமைத்த ஒருவர், குடும்பத்து மூத்தவளின் உடையில், அந்தக் குடும்பத்தின் அன்புக்கு அடையாளமாக நிற்கிறார். ஒரு விதத்தில் அது கௌரவம். இன்னொரு விதத்தில், அவர் சமையல்காரராகவே அந்தப் படத்துக்குள் வந்திருந்தால் படம் நின்றிருக்குமா என்று யோசிக்க வைக்கிறது.

1946-ல் ஒரு அட்டை. ரயில் உணவுப்பெட்டியில் ஒரு சின்னப்பையன் முதல் தடவையாகத் தனியாகச் சாப்பிட்டுவிட்டு, பில்லைப் பார்த்து எவ்வளவு டிப்ஸ் வைப்பது என்று மண்டையைக் குடைகிறான். பக்கத்தில் கறுப்பினப் பரிசாரகர் புன்னகையோடு நிற்கிறார். இனிமையான படம், பையனின் குழப்பம் நமக்கே சிரிப்பை வரவைக்கும். ஆனால் அந்தப் பத்திரிகையில் ஒரு விதி இருந்தது. கறுப்பினத்தவரைப் பணியாள் வேலையில் மட்டுமே காட்டலாம். இதை ராக்வெல் முதிய வயதில் ஒரு பேட்டியில் வெளிப்படையாகவே சொன்னார். அதாவது அந்தப் புன்னகை அந்த ஒரு மனிதருடைய குணத்திலிருந்து வந்ததாக நாம் நினைக்கிறோம். உண்மையில் அவர் அட்டைக்குள் வர வேறு வழியே வைக்கவில்லை. தட்டு ஏந்தினால் வரலாம், மேசையில் உட்கார முடியாது.

இங்கேதான் என் தோழியின் குற்றச்சாட்டை வேறு மாதிரி யோசிக்கத் தொடங்கினேன். ராக்வெலின் படங்கள் பொய் என்று சொல்கிறவர்கள், அதில் துக்கம் இல்லை, வறுமை இல்லை என்பார்கள். அது எனக்குப் பெரிய குற்றமாகத் தெரியவில்லை. ஒரு படத்துக்குள் எல்லாவற்றையும் வைக்க முடியாது. தாலாட்டில் மரணம் இல்லை என்று யாரும் கோபிப்பதில்லை. பையன்கள் குளத்தில் குளித்துவிட்டு ஓடியது உண்மைதான். குற்றம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒருவன் 'என் ஊர்' என்று வரைந்தால், அதில் தன் வீட்டு வாசல் மட்டும் இருக்கலாம். 'நம் நாடு' என்று வரைந்தால் அந்தச் சலுகை கிடையாது. ராக்வெலின் படங்கள் லட்சக்கணக்கான வீடுகளுக்குப் போய் 'இதுதான் நாம்' என்று சொல்லின. அந்த 'நாம்'க்குள் யார் உட்காரலாம், யார் நின்றுகொண்டே இருக்க வேண்டும் என்பதைப் பத்திரிகை முதலிலேயே முடிவுசெய்திருந்தது.

லாட் விஷயத்தில் இதை எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். அவர் தமிழர்களை வரையாதவர் அல்ல. அமைச்சராக இருந்த சாமிவேலுவைத் தமிழ்ப்பட ஹீரோவாக்கி, வில்லன்களை அடிக்கவும் தென்னை மரத்தைச் சுற்றி டூயட் பாடவும் வைத்தார். அதைப் பார்த்து அதிகம் சிரித்தது நாங்கள்தான். 'கம்போங் பாய்' அவருடைய வீடு. அதற்குள் எங்கள் லயம் இல்லை என்று அவரிடம் கேட்பது, பக்கத்து வீட்டுக் கல்யாண ஆல்பத்தில் நம் படம் எங்கே என்று கேட்பதுபோல. ஆனால் பிறகு அந்தப் புத்தகம் தொலைக்காட்சித் தொடராக வந்தது, தபால்தலையாக வந்தது. ஒரு கம்பம் மெல்ல மெல்ல நாட்டின் பால்யகாலம் ஆகிவிட்டது. 'நாம் எல்லோரும் இப்படித்தான் வளர்ந்தோம்' என்று விளம்பரங்கள் சொல்லும்போது, அதைச் சொல்வது லாட் அல்ல. நாங்கள் அப்படி வளரவில்லை என்று சொல்ல வேண்டிய பொறுப்பும் அவருடையது அல்ல.

எங்களுடையது. அதை நாங்கள் எழுத்தில் செய்திருக்கிறோம். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' இருக்கிறது, அ. ரங்கசாமியின் நாவல் இருக்கிறது; விருந்தாளியாக வந்துபோன அகிலனும் 'பால்மரக் காட்டினிலே' எழுதினார். ஆனால் படமாக, லாட் அளவுக்கு எல்லா வீட்டுக்கும் போன ஒன்று எங்களிடம் இல்லை. அந்த இடத்தைத்தான் வாட்ஸ்அப் நிரப்புகிறது.

வாட்ஸ்அப் தோட்டத்தில் என்ன இல்லை? மழை இல்லை. தைப்பிங் தீபகற்பத்திலேயே அதிகம் மழை பெய்யும் ஊர் என்று பெயரெடுத்தது. இன்றைக்கு மழை வருமா வராதா என்று பந்தயம் கட்டிய ஊர் என்று பெருமையாகச் சொல்வோம். பழைய ஈயச் சுரங்கப் பள்ளத்தைத் தோட்டமாக்கிய ஏரிக்கரையில், தண்ணீரைத் தொடும் தூங்குமூஞ்சி மரங்களுக்குக் கீழே, அந்த மழை அழகுதான். பால்மரம் வெட்டுகிறவருக்கு மழை என்றால் பட்டை நனைந்தது, வெட்ட முடியாது, அன்றைய கூலி போச்சு. வெட்டிய பிறகு பெய்தால் மங்கில் இருந்த பாலும் போச்சு. "மழ கொட்டுனா ஊரே ஜில்லுன்னு இருக்கும்னு சொல்றீங்க. எங்களுக்கு வயிறு கலங்கும்" என்பார் பெரியம்மா. மாதச் சம்பளம் வேண்டும் என்று தோட்டத் தொழிலாளர்கள் பல பத்தாண்டுகள் கேட்டதன் பின்னால் இந்த மழை இருக்கிறது.

சாதியும் இல்லை. 'தோட்டத்துல எல்லாரும் ஒத்துமையா இருந்தோம்' என்கிற வாக்கியத்தை எத்தனை முறை கேட்டிருக்கிறேன்! பெரியம்மாவிடம் ஒரு தடவை கேட்டேன். கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, எந்த லயத்துக்காரர் எந்த வீட்டில் தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டார்கள் என்று வரிசையாகச் சொன்னார். சொல்லிவிட்டு, "ஆனா சாவு விழுந்தா எல்லாரும்தான் வந்து நின்னாங்க" என்றார். இரண்டுமே உண்மை. முதலாவது வாட்ஸ்அப்பில் வராது.

அப்புறம் திடலில் காட்டிய படம். ஜப்பான்காரன் காலத்தில், 1942-க்குப் பிறகு, சயாமில் ரயில்பாதை போடத் தோட்டம் தோட்டமாக ஆள் பிடித்தார்கள். இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று கூட்டி, வந்தவர்களை அப்படியே லாரியில் ஏற்றியதாகவும் பதிவுகள் உண்டு. போனவர்களில் திரும்பாதவர்கள் ஆயிரக்கணக்கில். அதற்குப் பிறகும் அதே மக்கள் வெள்ளைத்துணிக்கு முன்னால் பாய் விரித்து உட்கார்ந்து எம்ஜிஆருக்கு விசிலடித்திருக்கிறார்கள். இதை நினைத்தால் அந்தச் சந்தோஷம் எனக்குக் குறைந்து தெரியவில்லை, கூடித்தான் தெரிகிறது. விட்டுவிட்டதால் இனிக்கிறது என்று நினைக்கிறோம். சேர்த்துக்கொண்டால் கசந்துவிடும் என்பது அவ்வளவு நிச்சயமா?

ராக்வெலுக்கே திரும்பிப் போகிறேன், ஏனென்றால் அவர் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார். 1963-ல் போஸ்ட்டை விட்டார். அடுத்த ஜனவரியில், 69 வயதில், 'லுக்' பத்திரிகைக்கு ஒரு படம் வரைந்தார். 1960-ல் நியூ ஆர்லியன்ஸில் வெள்ளையர் பள்ளிக்கு முதன்முதலாகப் போன ரூபி பிரிட்ஜஸ் என்ற 6 வயதுக் கறுப்பினச் சிறுமியின் கதை அது. சிறுமி வெள்ளை உடையில், கையில் புத்தகமும் அளவுகோலுமாக நிமிர்ந்து நடக்கிறாள். முன்னும் பின்னும் நான்கு அரசுக் காவலர்கள். தோளுக்கு மேலே அவர்கள் படத்தில் இல்லை, வெட்டப்பட்டிருக்கிறார்கள். சுவரில் ஒரு இழிசொல் கிறுக்கியிருக்கிறது. யாரோ எறிந்த தக்காளி சிதறி வழிந்திருக்கிறது. எறிந்த கூட்டம் படத்தில் இல்லை. கூட்டம் நின்ற இடத்தில் இப்போது நாம் நிற்கிறோம்.

என்னைப் பிடித்து நிறுத்தியது ஒன்று. வரைந்த விதம் துளியும் மாறவில்லை. வான்கோழி மேசைத்துணியின் மடிப்பை வரைந்த அதே பொறுமை இந்தச் சிறுமியின் கஞ்சிபோட்ட கவுனிலும் இருக்கிறது. அதே சுத்தமான வெளிச்சம், அதே இஸ்திரி. கோபம் வந்ததும் அவர் பாணியை மாற்றி இருட்டாக, கோணல்மாணலாக வரையவில்லை. 'அழகாக வரையத் தகுந்த அமெரிக்கப் பிள்ளை' என்று 47 வருஷமாக அட்டையில் காட்டிவந்த வரிசையில் இவளையும் அதே மாதிரி வைத்தார். இந்தப் படம் அறைவதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன். போஸ்ட் வாசகர்களுக்கு ராக்வெல் பிள்ளைகள் என்றால் தங்கள் பிள்ளைகள். அந்தப் பிள்ளை மேல் தக்காளி எறிந்திருக்கிறார்கள். வாழ்நாள் முழுக்க விற்ற மிட்டாய்தான் கடைசியில் இதைச் செய்யும் வலுவை அவருக்குக் கொடுத்தது.

தமிழில் இதற்குப் பக்கத்தில் வருகிறவர் என்று எனக்குத் தோன்றுவது ஓவியர் எஸ். இளையராஜா. கும்பகோணம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து, 2021-ல் கொரோனாவில் நாற்பதுகளின் தொடக்கத்திலேயே போய்விட்டார். ஓட்டுக்கூரை இடுக்கில் விழும் வெயில், அடுப்படிப் புகை, கறுத்த பெண்களின் முகங்கள். அவரையும் 'வெறும் போட்டோ மாதிரி, வெறும் ஏக்கம்' என்றவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தெரியவில்லை. நம்முடைய பழைய வாரப்பத்திரிகைத் துணுக்குகளில் கறுத்த பெண் வந்தால் பெரும்பாலும் வேலைக்காரியாக, துணுக்கின் தேவைக்காக வந்துபோவாள். அவள்மேல் அவ்வளவு வெளிச்சத்தைச் செலவழித்ததே ஒரு நிலைப்பாடு.

இனித்துச் சொல்வது பொய் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியும் தோட்டத்து ஏக்கத்தில் எனக்கு ஒரு பயம் பாக்கி இருக்கிறது. அது இளையவர்களைப் பற்றியது. கோயில் மேடையிலும் கல்யாண மண்டபத்திலும் பெரியவர்கள் பேசும்போது பேச்சு இப்படித்தான் போகும்: தோட்டத்தில் கட்டுப்பாடு இருந்தது, மரியாதை இருந்தது, இப்போது பட்டணத்துக்கு வந்து பிள்ளைகள் குண்டர் கும்பல், மோட்டார் சைக்கிள் என்று கெட்டுப்போய்விட்டார்கள். கவனியுங்கள், இந்தக் கதையில் தோட்டத்தை விற்றவர் வரவேமாட்டார். வீட்டுக்கு நிலம் கொடுக்காதவர் வரமாட்டார். ஒரு தலைமுறையை ஒரு காகிதமும் கையில் கொடுக்காமல் சடக்கில் இறக்கிவிட்ட கணக்கு வராது. இனிமையான தோட்டம் ஒரு பக்கம், கெட்டுப்போன பையன் இன்னொரு பக்கம். நடுவில் நடந்தது காணோம். பழியெல்லாம் 18 வயதுக்காரன் தலையில். ஏக்கம் யாரையும் காயப்படுத்தாத பொருள் என்று சொல்கிறவர்கள் இந்த இடத்துக்கு வந்து பார்க்க வேண்டும்.

ஷான்ஜெய் குமார் பெருமாளின் 'ஜகாட்' (2015) அந்த நடுப்பகுதியைத்தான் காட்டியது. தோட்டத்திலிருந்து பெயர்ந்துவந்து புறம்போக்கில் ஒண்டிய குடும்பம், தொண்ணூறுகளின் தொடக்கம், அப்போய் என்ற 12 வயதுப் பையன். கற்பனை வளம் உள்ள, குறும்பான பிள்ளை. லாட்டின் பையனுக்குத் தம்பி என்றே சொல்லலாம். அவனுடைய அப்பா ரப்பர் நிலத்தைப் பற்றிக் கவலைப்பட்டுப் பேச எதுவும் இல்லை. படி, படி என்று அடிக்கத்தான் தெரியும். இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள் என்று நண்பர்களிடம் சொல்வேன். ஒரே மாநிலத்தின் மண்ணில் வளர்ந்திருக்கக்கூடிய இரண்டு பையன்கள். ஒருவன் ஊரைவிட்டுப் போகும்போது அவன் அப்பா கையில் விற்க ஏதாவது இருந்தது.

லாட்டின் ஏக்கத்துக்குப் பின்னால் ஒரு பட்டா இருந்தது, இங்கே நாம் 'கிராண்ட்' என்போமே, அது. அதனால் அந்த இழப்பை எல்லோரும் உடனே இழப்பு என்று ஒத்துக்கொள்கிறார்கள். எங்களிடம் அது இல்லாததால், எங்கள் ஏக்கம் ஒன்று அசட்டுத்தனமாகத் தெரிகிறது, அல்லது தோழி சொன்ன மாதிரி அடிமைக் குணமாக. நான் அப்படி ஒத்துக்கொள்ளத் தயாராக இல்லை. பெரியம்மா கம்பெனிக்காக ஏங்கவில்லை, துரை பங்களாவுக்காக ஏங்கவில்லை. பட்டைக்குள் காயம் படாமல் மெல்லிசாகச் சீவத் தெரிந்த தன் கைக்காக ஏங்குகிறார். அந்தக் கை இன்றைக்கு எதற்கும் பயன்படவில்லை. வரிசையாகப் பக்கத்துப் பக்கத்து நிரையில் பாடிக்கொண்டே வெட்டியவர்கள் ரவாங், கிள்ளான், ஜொகூர் என்று பிரிந்து போனதற்காக ஏங்குகிறார். அதெல்லாம் அவர்கள் உண்டாக்கியது, கம்பெனி கொடுத்தது அல்ல. கிராண்ட் இல்லாமலேயே அது அவர்களுக்குச் சொந்தம். அதற்காக ஏங்குவதால் கம்பெனிக்கு மன்னிப்பு வழங்கியதாக ஆகாது. ஏக்கத்தில் கம்பெனியின் பெயரை எடுத்துவிட்டால் மட்டும் மன்னிப்பு தானாகப் போய்ச் சேர்ந்துவிடும்.

ஊரில் புதிதாக வந்த ஒரு காப்பிக் கடையில் பழைய மங்குகளைக் கம்பியில் கட்டி, மணிபிளான்ட் வளர்த்துத் தொங்கவிட்டிருந்தார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நாலு பேர் கீழே நின்று செல்ஃபி எடுத்தார்கள். மங்கு என்றால் என்னவென்று அந்தக் கடையில் வேலைசெய்த பங்களாதேஷ் தம்பிக்குத் தெரியவில்லை, தெரிய வேண்டியதும் இல்லை. அவன் தட்டை வைத்துவிட்டு, புன்னகையோடு நகர்ந்தான். இன்றைக்குச் செம்பனைத் தோட்டங்களில் குலை வெட்டுவது பெரும்பாலும் அவன் ஊர்க்காரர்களும் இந்தோனேசியர்களும்தான். 50 வருஷம் கழித்து அவர்கள் பேரப்பிள்ளைகளும் எதையாவது நினைத்து ஏங்குவார்கள். அதில் நாம் எந்த இடத்தில் நிற்போம் என்று அந்தக் காப்பியைக் குடித்துக்கொண்டே யோசித்தேன்.

எங்கள் ஊர்ப்பெண் ஒருத்தி தோட்ட வாழ்க்கையைச் சித்திரக்கதையாக வரைய ஆரம்பித்திருக்கிறாள். கல்லூரியில் படிக்கிறாள், லயத்தில் பிறந்தவள் அல்ல. போன மாதம் மாதிரிப் பக்கங்களை எடுத்துக்கொண்டு பெரியம்மாவிடம் வந்தாள். நானும் இருந்தேன். பெரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். வெட்டுக்கோடு சாய்ந்திருக்கும் திசை தப்பு என்றார். மங்கு இவ்வளவு கீழே இருந்தால் பால் வழியிலேயே சிந்திவிடும் என்றார். தலைத்துண்டு கட்டியிருந்த விதத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, தன் துண்டை எடுத்துக் கட்டிக் காட்டினார். வாசலில் செம்பருத்தியை இன்னும் பெரிதாகப் போடச் சொன்னார். "அது நான் வச்ச செடி."

பிறகு ஸ்டோர் காட்சி வந்தது. பெண்கள் வாளியோடு வரிசையில் நின்று சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அழகாக இருந்தது. பெரியம்மா ரொம்ப நேரம் அதையே பார்த்தார்.

"தராசு எங்கம்மா?"

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. பெரியம்மா விரலை வைத்து இடம் காட்டினார். இங்கே தராசு, இங்கே கிராணி, கையில் நோட்டு. "அவன் எழுதுறததான் நாங்க எல்லாரும் எட்டி எட்டிப் பாத்துக்கிட்டு நிப்போம். கூட எழுதுறானா கொறச்சு எழுதுறானான்னு."

"அப்ப சிரிக்கிறத எடுத்துடவா பாட்டி?"

"ஏன் எடுக்கணும்? சிரிச்சோம்தான. அதையும் வையி."

அவள் பென்சிலை எடுத்தாள். வரிசையில் இடம் போதவில்லை, இரண்டு பெண்களைக் கொஞ்சம் தள்ளி வரைய வேண்டியிருந்தது.